நான் சாகடித்த பாட்டுக்காரர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனுஷரைத்தான் சாகடித்திருக்கிறேன். அவர் இங்கிலாந்துக்காரர், பாட்டுப் பாடுகிறவர். நான் சாகடித்த அன்றைக்கும் அவர் தன் ஊரில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எங்கேயோ மேடையில் பாடிக்கொண்டுதான் இருந்திருப்பார். எனக்கு அப்போது பதினேழு வயது. வயசு அப்படி, வாய் அதற்கு மேல்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி, தோட்டத்துக்குள் எங்கள் வீடு. சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கி நான் பி.யு.சி. படித்தேன். எங்கள் சொந்தத்தில் பெண்பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்கவைத்த முதல் ஆள் என் அப்பா. அதற்காக அவர் வாங்காத பேச்சு இல்லை. "படிக்க வெக்கறே, செரி. புள்ளையப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சுன்னா அன்னிக்கே பொட்டியக் கட்டிரோணும்" என்று பெரியப்பா வரம்பு போட்டிருந்தார். அப்பாவும் தலையாட்டியிருந்தார். அந்த ஒரு சொல் வராமல் பி.ஏ. முடித்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே வேண்டுதல். படிப்பு மேல் அவ்வளவு ஆசையா என்றால், ஆமாம், அவ்வளவு ஆசை. விடுதியின் மாடி ஜன்னலில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். அந்த ஜன்னலை விட்டுவிட்டு மறுபடி மாட்டுக் கட்டுத்தரைக்கு வர எனக்கு மனசில்லை.

பாட்டுக்காரரை எனக்கு அறிமுகம் செய்தவள் ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு தோழி. அவளிடம் இங்கிலீஷ் பத்திரிகைகள் இருந்தன, பாட்டுகளைப் பற்றிய அறிவு இருந்தது, என்னைப் பார்த்துப் பரிதாபப்படும் குணமும் இருந்தது. "இதைக் கேளு" என்று ஒரு நாள் டிரான்சிஸ்டரை என் காதில் ஒட்டினாள். கேட்டேன். அன்றோடு தொலைந்தேன்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அப்பாவின் ரேடியோவை மோட்டார் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அவர் அதை விவசாயச் செய்திக்காக வாங்கியிருந்தார். சாயங்காலம் வெயில் சோளக்காட்டின் மேல் படுக்கும் நேரத்தில் கடல் தாண்டி சிற்றலையில் இங்கிலீஷ் பாட்டுகள் வரும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், நான் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் குரல் கிட்டே வரும், பிறகு காற்றோடு நகர்ந்து போகும், போய்விட்டது என்று நினைக்கும்போது தென்னைமரத்துப் பக்கமிருந்து திரும்பி வரும். பாதி வார்த்தை புரியாது. புரியாமல் இருந்ததே நல்லதாக இருந்தது. மழை பெய்யும் ஒரு தெருவை நானாகவே நினைத்துக்கொள்வேன். அதில் யாரோ எனக்காகக் குடை பிடித்து நிற்பார்கள். எங்கள் ஊரில் அந்த வருஷம் மழையே இல்லை. கண்ணைத் திறந்தால் வரப்பில் எருமை நிற்கும், அதுவும் கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

இந்த மயக்கத்தில்தான் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முகவரி தோழியின் பத்திரிகையில் இருந்தது. உங்கள் குரல் எங்கள் கிணறு வரைக்கும் வருகிறது என்று எழுதினேன். விடுதியில் சிஸ்டர் எல்லாத் தபாலையும் பிரித்துப் பார்ப்பார் என்பதால் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். கடிவாளத்தை அவிழ்த்துக் குதிரையிடமே கொடுத்த புத்திசாலி நான். பதில் வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

வந்தது. நான்கு மாதம் கழித்து, பரீட்சை எல்லாம் முடிந்து வீட்டில் இருந்த நேரத்தில் வந்தது. நான் அப்போது கடலைக்காட்டில் இருந்தேன். தபால்காரர் உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரித்தாள். உள்ளே ஒரு போட்டோ, கீழே கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண் இருக்கிற வீட்டுக்குத் தபாலில் ஒரு ஆம்பளை போட்டோ வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வருஷம் அத்தை புருஷன் ஒருவர் தரகரிடம் என் ஜாதகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அதனால் நான் காட்டிலிருந்து திரும்பியபோது அம்மாவும் பெரியப்பாவும் என் பாட்டுக்காரரை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூக்கு எடுப்பா இருக்குதுங்க மாமா" என்றாள் அம்மா.

பெரியப்பா போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மூக்கு இருக்குது. ஆளு என்ன இப்படி வெளுத்துக் கெடக்கறான்? சோகையா? முடி வேற தோள் வரைக்கும் தொங்குது."

"பழனிக்கு நேந்து உட்டிருப்பாங்களாட்ட இருக்குதுங்க. எடுத்தாச் செரியாப் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் பக்கத்தில் இருந்த அப்பா உறையைத் திருப்பினார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். என் பெயரைப் படித்தார். மாப்பிள்ளை போட்டோ பெண்ணின் அப்பா பெயருக்கு வரும். பெண் பெயருக்கே வராது. வந்தால் அதற்கும் ஒரே அர்த்தம்தான்.

"யாரு அம்மிணி இது?" என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெரியப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசாரணை ஆரம்பித்தது. பெரியப்பாவுக்கு ஒரு ஆம்பளையைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த முறை ஒன்றுதான், சம்பந்தம் பேசுகிற முறை. ஊர், குலக்கூட்டம், காடு என்று அதே வரிசையில் கேட்டார்.

"எந்த ஊரு?"

"இங்கிலாந்துங்க பெரியப்பா. வடக்கே, கரி தோண்டற ஊரு."

"என்ன கூட்டம்?"

"அங்கெல்லாம் கூட்டம் இல்லீங்க."

"கூட்டம் இல்லாம எப்படி? சரி, காடு தோட்டம் எவ்வளவு?"

"காடே இல்லீங்க. அவங்கப்பா சுரங்கத்துக்குள்ள கரி வெட்டுனவருங்க."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். காடில்லாத பையன். நான் பத்திரிகையில் படித்ததை எல்லாம் சொன்னேன். சின்னதில் கோயிலில் பாடியது, அப்பாவுக்கு நெஞ்சில் கரித்தூள் அடைத்துப் படுத்தது, பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டுக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனது, சாயங்காலங்களில் சாராயக்கடை மூலையில் நின்று பாடியது, கேட்கிறவர்கள் காதில் வாங்காமல் குடித்துக்கொண்டிருந்தது, பிறகு நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைத்தட்டு போட்டது, அந்தத் தட்டு தேசமெல்லாம் ஓடியது. சொல்லச் சொல்ல நானே உருகிவிட்டேன். வேறு சமயமாக இருந்தால் பெரியப்பாவும் உருகியிருப்பார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ அவனுக்கு லெட்டர் போட்டயா?"

அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். அப்பா உறையை மடித்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மலையும் ஜன்னலும் பி.ஏ.வும் அந்த ஒரு பதிலில் இருந்தன. நான் வாயைத் திறந்தேன்.

"அவரு செத்துப் போயிட்டாருங்க" என்றேன்.

எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. வந்துவிட்டது. வந்ததை விடாமல் பிடித்துக்கொண்டேன். "போன மாசம். சாகறதுக்கு முன்னால, அவரு பாட்டு எங்கெங்க கேக்கறாங்களோ அங்கெல்லாம் ஒரு போட்டோ அனுப்பிருங்கன்னு சொன்னாராமா. காலேஜ்ல எங்க பேரெல்லாம் வாங்கி அனுப்புனாங்க."

பெரியப்பா சுருட்டை அணைத்தார்.

"வயசு?" என்றார் அப்பா.

"இருபத்தி நாலுங்க."

அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். மூன்று வயதில் காய்ச்சலில் போனவன். நான் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பு. இருந்திருந்தால் அவனுக்கும் இருபத்தி நாலு. எனக்கு அந்தக் கணக்கு தோன்றவே இல்லை. அம்மா அதைத் தினமும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. குழந்தையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் வீட்டில் பிடிக்க விடவில்லையாம். பிடிக்காமலே குறைந்துவிட்டது.

அப்பா போட்டோவைக் கிழிக்கவில்லை. "செத்தவன் படத்தக் கிழிக்கப் படாது" என்றார். அடுத்த தடவை சேலம் போனபோது செவ்வாய்ப்பேட்டையில் கண்ணாடி போட்டு வாங்கி வந்தார். பெரியப்பாவே ஆணி அடித்தார். என் படிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் மாதம் நான் பெட்டியோடு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெற்றி வீராங்கனை மாதிரி வெளியே பார்த்தேன்.

ஒரு பொய்யை நட்டால் அது காய்க்காமல் விடாது. ஒவ்வொரு லீவுக்கும் வீட்டுக்கு வரும்போது பாட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் எங்கள் வீட்டு ஆளாகியிருந்தார். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் மாலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு. தீபாவளிக்கு எங்கள் புதுத்துணிகளோடு அவருக்கும் ஒரு வேட்டி துண்டு வைத்துக் கும்பிட்டாள் அம்மா. தை அமாவாசைக்குப் படையல் போடும்போது என்னைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, வெள்ளக்காரங்க காப்பி குடிப்பாங்களா, டீயா?" என்று கேட்டாள்.

"டீ" என்றேன். எங்கள் வீட்டில் யாரும் டீ குடிக்க மாட்டார்கள். அன்றைக்கு ஒரு டம்ளர் டீ போடப்பட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். போனவள் சிரிக்கவில்லை.

அந்த லீவில்தான் அம்மா கடிதம் எழுதச் சொன்னாள். "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகோணும். நம்மனால போக முடியாது. அந்தப் பையனப் பெத்தவளுக்கு ஒரு லெட்டராச்சும் போடோணுமல்ல. எழவு கேக்காம இருந்தா நல்லா இருக்குமா?" என்றாள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டே சொன்னாள். நான் இங்கிலீஷில் எழுதினேன்.

"அம்மா, உங்க பையன் போன சேதி தெரிஞ்சுக்கிட்டோமுங்க. எங்க ஊட்டுல படம் மாட்டி வெளக்கு வெக்கறோம். அத நெனச்சுக் கவலப்படாதீங்க. எனக்கும் ஒண்ணு போச்சுங்க. மூணு வயசு. ரெண்டே நாள் காய்ச்சல். ஆசுபத்திரிக்கு வண்டி பூட்டறதுக்குள்ள போயிருச்சு. பொறகு நாலு மாசம் எனக்கு மோருகூட எறங்குல. பொறகு எறங்குச்சு. உங்களுக்கும் எறங்குமுங்க. சாப்புடாம மட்டும் இருக்காதீங்க."

அரிவாள் நின்றது. "எழுதீட்டயா?" என்றாள்.

"எழுதீட்டேன்மா."

அண்ணனைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரிக்குச் சொன்னாள், நான் நடுவில் இருந்து கேட்டேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்குத் துணிவில்லை. பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். பி.ஏ.வில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. சொல்லவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை.

செத்தவரோ அங்கே சும்மா இருக்கவில்லை. நான் சாகடித்த வருஷம்தான் அவருடைய பெரிய பாட்டு வந்தது. விடுதியில் எல்லாரும் அதையே முணுமுணுத்துத் திரிந்தார்கள். அடுத்த வருஷம் நான்கு பேரும் பிரிந்துவிட்டார்கள் என்று தோழி சொன்னாள். தனியாகப் பாடினார், சரியாகப் போகவில்லை. கல்யாணம் செய்தார், அதுவும் சரியாகப் போகவில்லை. குடிக்கிறார் என்று பத்திரிகையில் வந்தது. என்னால்தானோ என்று கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். மாலை போட்டு வைத்தால் மனுஷன் எப்படி உருப்படுவான்?

கடைசி வருஷ லீவில் ஒரு சாயங்காலம் அம்மா மோட்டார் ரூமுக்கே வந்துவிட்டாள். "அந்தப் பையன் பாட்டு வருமா?" என்று கேட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். வராது என்று சொல்ல வாயெடுத்தேன், வந்துவிட்டது. புதுப் பாட்டு, மெதுவான பாட்டு. காற்று இல்லாத நாள், அதனால் குரல் எங்கேயும் போகாமல் எங்கள் நடுவிலேயே நின்றது. தண்ணீர் விழும் சத்தம், அவர் குரல், சோளத்தட்டு வாசனை. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், இது அவர் போன வாரம் பாடி முடித்தது, அடுத்த மாதம் ஊர் ஊராகப் போய்ப் பாடப்போகிறார் என்று உற்சாகமாகச் சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"ரொம்ப நல்லவருன்னு சொல்றாங்கம்மா."

"ஆமா சாமி. குரல்லயே தெரியுதே" என்றாள்.

பி.ஏ. முடித்தேன், பி.எட். முடித்தேன், நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரானேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, "அம்மாகிட்டச் சொல்லிரு" என்றார். எதற்காகப் பயந்தேனோ அந்தப் படிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இப்போது பயம் வேறாகிவிட்டது. பத்து வருஷம் அழுதவளிடம் போய், நீ அழுதது சும்மா என்று எப்படிச் சொல்வது? இதற்குள் பாட்டுக்காரரும் குடியை விட்டு, தாடி வைத்துக்கொண்டு மறுபடி மேலே வந்திருந்தார். நாமக்கல் கடைத்தெருவிலேயே அவருடைய கேசட் கிடைத்தது.

ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டி என்னைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்ததும் அம்மா என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். திருநீறு எடுத்து என் வயிற்றில் பூசினாள்.

"அந்தப் பையந்தான் உனக்கு வந்து பொறப்பான். எனக்கு மனசுல தோணிட்டே இருக்குது" என்றாள்.

அந்தக் கை வயிற்றில் இருக்கும்போது அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "அம்மா, அவரு சாகலைம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பெரியப்பா கேட்டது, நான் சொன்னது, பெட்டிக்குள் இருக்கும் கடிதம் வரைக்கும்.

"உசுரோடயா இருக்கறான்?" என்றாள்.

"ஆமாம்மா."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ரெண்டு தடவைம்மா."

"கொழந்தைங்க?"

"மூணு."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றினாள், முந்தானையால் நெற்றிப் பொட்டை அழுந்தத் துடைத்தாள். "அடிப்பாவி, காலேசுக்குப் போறதுக்கு ஒருத்தி புள்ளையச் சாகடிச்சயாடி? மூணு கொழந்தைக்குத் தகப்பன். மாலையப் போட்டு வெச்சிருக்கறமே" என்று படத்தை இறக்கி, உப்பு மிளகாய் எடுத்து மூன்று தடவை சுற்றி அடுப்பில் போட்டாள். "செத்தான்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கூடுமுன்னு சொல்லுவாங்க. நூறு வயசு இருக்கட்டும். அவங்கம்மா நல்லா இருக்கட்டும்" என்றாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. எனக்குப் பத்து வருஷப் பாரம் இறங்கியது. நன்றாகச் சாப்பிட்டேன், மத்தியானம் தூங்கினேன்.

எழுந்து வந்தபோது சாயங்காலம். அம்மா கூடத்தில் கீழே உட்கார்ந்திருந்தாள். விளக்கு துலக்கி, எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெறும் சுவருக்குக் கீழே வைத்திருந்தாள். பற்றவைக்கவில்லை. தீப்பெட்டி கையில் இருந்தது.

"இன்னும் எதுக்கும்மா வெளக்கு?" என்றேன்.

"உங்கண்ணனுக்குத்தான். எப்பவுமே அவனுக்குத்தான் வெச்சேன்" என்றாள். "எனக்கு அவன் மொகம் மறந்து போச்சு சாமி. எத்தன நாளு கண்ண மூடி மூடிப் பாத்தேன், வருல. இந்தப் படம் வந்த பொறகுதான், வளந்திருந்தா இப்படி இருப்பான்னு பாத்துக்கிட்டேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இனி எந்த மொகத்த நெனச்சுக்கிட்டு நான் வெளக்கு வெக்கட்டும்?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை.